சிலுவை போட்ட விதை வரட்டி

வெந்நீர் அடுப்பிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கிற வாசனை வந்தது. வீட்டில் அப்போது ஒரு பிடி மல்லாட்டைகூட இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இருந்ததைத் தின்று தீர்த்தவள் நான்தான். பல் துலக்கியபடியே அடுப்பின் அருகே போய்க் குனிந்தபோது உள்ளே ஏதோ பட்பட்டென்று வெடித்தது. சமையலறையிலிருந்து அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், பிறகு கொல்லைப்புறச் சுவரைப் பார்த்தாள். சுவரில் வட்டமாக ஓரிடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"ஐயோ மாதாவே, என் வெதை!"

அம்மா போட்ட சத்தத்தில், துண்டும் கையுமாகக் குளிக்க நின்றிருந்த அப்பா இரண்டடி பின்னால் போனார்.

இது நடந்தது தொண்ணூற்று மூன்றில், ஆடி மாதம் பிறந்த புதிதில். நாங்கள் திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா அந்தோணிக்கு மார்க்கெட் வாசலில் மிக்ஸியும் டேப் ரிக்கார்டரும் ரிப்பேர் செய்கிற கடை. அம்மா லூர்துமேரிக்கு வீட்டின் பின்புறம் இருந்த நாலு முழ இடம்தான் ராஜ்ஜியம். கத்திரி, வெண்டை, கொத்தவரை, வேலியில் அவரை, கூரையில் பரங்கி என்று அதற்குள் ஒரு சந்தையையே அடைத்து வைத்திருந்தாள். மற்ற விதைகளைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போடுவாள். பரங்கி விதைக்கு மட்டும் தனி மரியாதை. பசுஞ்சாணியில் விதைகளைப் பதித்து, வரட்டியாகத் தட்டி, சுவரில் அப்பி, அதன் மேல் விரலால் ஒரு சிலுவை போட்டுவிடுவாள். பூச்சி அண்டாது, எலி தொடாது, ஆடியில் பிய்த்து உடைத்தால் விதை புதிதுபோல இருக்கும். எலிக்குத் தெரிந்த அந்த விஷயம் அப்பாவுக்குத் தெரியவில்லை. அதைப் பெயர்த்தெடுத்து அடுப்பில் வைத்துவிட்டார்.

"சிலுவை போட்டு இருந்துதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. நல்லா காஞ்சு இருக்குதே, ஜல்தியா பத்திக்கும்னு நெனச்சேன்."

"சிலுவையப் பாத்துட்டுமா நெருப்பு வெச்சீங்க?"

வாய் ஓயாத அம்மா வாயை மூடினால் வீடு எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பரங்கிக்காய்க்காக யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அது அவள் தம்பி கொண்டுவந்த காய். முகையூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அம்மாவின் தாய்வீடு. அங்கே மிச்சமிருந்த ஒரே உறவு ஆரோக்கியம் மாமா. வருஷம் தவறாமல் போகிப் பண்டிகைக்கு முந்தைய நாள் அரிசி, வெல்லம், கரும்போடு, தோளில் ஒரு பெரிய பரங்கிக்காயைத் தாங்கிக்கொண்டு பொங்கல் சீர் கொண்டுவருவார். அதைக் கையில் வாங்கும்போதே அம்மாவின் முகம் மாறிவிடும். "எங்க ஊட்டுக் காய்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு, அண்டை வீடுகளுக்கு ஒவ்வொரு பத்தை அறுத்துக் கொடுப்பாள். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் பொங்கலன்று பரங்கிக்காய்க் குழம்பு கொதிக்காவிட்டால் அம்மாவுக்குப் பொங்கலே இல்லை.

அந்த வருஷம் மே மாதத்தில் மாமா மகன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. சாப்பிட உட்கார்ந்த அப்பா, பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மச்சான், இந்தக் கறி வேகறதுக்குள்ள உன் பையனுக்குக் கல்யாணமே ஆயிடும் போல இருக்குதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. வழியனுப்பக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு திண்டிவனம் வழியாகப் போனாலும் எங்கள் வீட்டுக்கு அவர் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா வீறாப்பாக, "அவன் வராட்டி போறான். பொங்கலுக்கு அவன் காயி என் கூரையில காய்க்கும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீறாப்பைத்தான் அப்பா அடுப்பில் வைத்தார்.

அன்று சாயங்காலமே அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனார். பூச்சி மருந்து நெடியில் எனக்குக் கண் கரித்தது. சுவர் முழுக்க வண்ண வண்ணமாக விதைப் பாக்கெட்டுகள் தொங்கின. அப்பா காலண்டர் பார்ப்பதுபோல ஒவ்வொரு படமாகப் பார்த்து, படம் பளிச்சென்று இருந்த பரங்கி, வெண்டை, கத்திரிப் பாக்கெட்டுகளை எடுத்தார்.

"இதுக்குக் காரண்டி உண்டாங்க?"

"இன்னா அண்ணே, மிக்ஸியா வாங்குறீங்க? வெதைக்கு ஏது காரண்டி?"

"மொளைக்கலேன்னா?"

"மழையக் கேளுங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாக்கெட்டுகளைப் பிரித்து முறத்தில் கொட்டினாள். மருந்து பூசிய விதைகள் சீரக மிட்டாய்போல ரோஸ் நிறத்தில் உருண்டன. "இதை நடறதா, மாதா கோயில் திருவிழாவுல கடை போட்டு விக்கிறதா?" என்று கேட்டாள். ஆனாலும் வெண்டையையும் கத்திரியையும் நட்டாள். வெண்டை நன்றாகவே வந்தது, அதைப் பற்றி அவள் கடைசிவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. பரங்கிப் பாக்கெட்டை மட்டும் பிரிக்காமல் மாடத்தில் செருகிவிட்டாள்.

அப்பா விடவில்லை. கடைக்கு வந்த யாரோ சொன்னதைக் கேட்டு, அமாவாசையன்று மேல்மலையனூருக்குப் பஸ் ஏறினார். நாட்டு விதை தேடிப் போனவர், கோயில் கூட்டத்தில் இடிபட்டு, சட்டைப் பித்தான் அறுந்து, பெரிய கல்யாணப் பூசணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "பரங்கி கெடைக்கல. வெறுங்கையோட வர மனசு வரல" என்றார். அம்மா அதைப் பார்த்தாள். "வாசல்ல கட்டுங்க. பட்ட கண்ணு உங்க கண்ணுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என் கையைப் பிடித்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அம்மாவிடம், கடைக்குச் சாமான் வாங்க விழுப்புரம் போவதாகச் சொல்லியிருந்தார். விழுப்புரத்தில் இறங்கி வேறு பஸ் ஏறியபோதுதான் எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. வழியெல்லாம் அவர் உதடு எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது. மாமா வீட்டு வாசலில் கோழிக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தார்; எங்களைக் கண்டதும் கை நின்றது. "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா செருப்பைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார், தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான், அன்னிக்குக் கறி நல்லாத்தான் வெந்து இருந்துது."

மாமா கையில் மிச்சமிருந்த நொய்யைக் கோழிகளுக்கு வீசினார். பிறகு, "இல்ல மாமா, வேகலதான். சமையக்காரன் கவுத்துட்டான்" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை கொண்டுவந்த மோரைக் குடித்தபடி அப்பா வரட்டிக் கதையைச் சொன்னார். "உங்க கொல்லையில அந்தப் பரங்கி வெதை நாலு கெடைச்சாப் போதும், மச்சான். உங்கக்கா சரியாச் சாப்புடறதில்ல."

மாமாவின் சிரிப்பு நின்றது. "வாங்க மாமா" என்று எழுந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் எங்களை நடத்திக்கொண்டு போனார். கொல்லை இருந்த இடத்தில் சவுக்குத்தோப்பு நின்றது.

"அப்பா போனதுமே கெணறு வத்திப்போச்சு. சவுக்கு வெச்சு வருஷக்கணக்கு ஆவுது."

"அப்ப வருஷா வருஷம் நீ தூக்கிக்கினு வந்த காயி?"

"திண்டிவனம் மார்க்கெட்டுல வாங்கினதுதான். உங்க கண்ணுல படாம பின்வழியாப் போயி வாங்கிக்கினு வருவேன். அக்கா ஊட்டுக்கு வெறுங்கையோட எப்படி மாமா வர்றது? அது 'எங்க ஊட்டுக் காய்'னு சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைச்சிக்கும்."

சவுக்கு மரங்கள் காற்றில் இரைந்துகொண்டிருந்தன. அப்பா அவர் தோளில் கையைப் போட்டு, "கெளம்பு, இன்னிக்கு முன்வழியாவே போலாம்" என்றார்.

மார்க்கெட்டில் மாமா காய் தேர்ந்தெடுத்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார், காம்பு காய்ந்திருக்கிறதா என்று பார்த்தார், தோலில் நகத்தை அழுத்தினார், தட்டிக் காதில் வைத்தார். கடைக்காரம்மா சலித்துப்போய், "பொண்ணு பாக்கறவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்கப்பா" என்றாள். மாமா கடைசியில் அடிப்பக்கம் மஞ்சள் படிந்த, ஆழமாக வரி விழுந்த ஒரு காயில் கையை வைத்தார். "எங்கப்பா காயி இப்படித்தான் வரிவரியா இருக்கும். அது மாதிரி கெடைக்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன்" என்றார்.

வழியில் அப்பா என்னிடம், "அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றார். நான் விடவில்லை.

கதவைத் திறந்த அம்மா முதலில் காயைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். "வந்துட்டியாடா" என்று மட்டும் கேட்டாள். பிறகுதான் காயை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுக் காய்" என்றாள். நானும் அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அந்த ஆடியில் நட்ட விதை கூரையெல்லாம் படர்ந்து, பொங்கலுக்குள் பழுத்தது. மாமாவும் பொங்கலுக்கு வந்தார், தோளில் இன்னொரு காயோடு.

இப்போது நாங்கள் விழுப்புரத்தில் மாடி வீட்டில் இருக்கிறோம். வரட்டி தட்ட மாடும் இல்லை, அப்பினால் தாங்குகிற சுவரும் இல்லை. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பைகளில் தேங்காய் நாரும் மண்ணும் கலந்து செடி வளர்க்கிறேன். விதை தபாலில் வருகிறது. மாமா போன வருஷம் தவறிப்போனார். சீர் வராத முதல் பொங்கல் நெருங்கியபோது, அம்மாவின் மனசைத் தேற்றலாம் என்று போனில் பரங்கி விதைப் படங்களைக் காட்டி, "இதுல உங்க ஊட்டுக் காய் மாதிரி எதும்மா? அடுத்த ஆடிக்கு நட்டுடலாம்" என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுக் காயா? அது சவுக்கு வெச்ச அன்னிக்கே போயிடுச்சேடி."

டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் அங்க போறவ நான். எங்கப்பா கல்லறைக்கும் அந்தக் கொல்லைக்கும் நடுவுல ஒரு வேலிதானே இருக்குது? கேட்டா அவனுக்கு மூஞ்சி தொங்கிப்போயிடும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வருவான்?"

"அப்ப வரட்டி எரிஞ்சப்ப ஏம்மா அப்படி அழுத?"

"வெதைக்கா அழுதேன்? உங்கப்பன் வாயால என் தம்பி வராமப் போயிடுவானோன்னு அழுதேன்."

இத்தனை வருஷம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிய பெருமையில் இருந்த அப்பா, டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடத்திலிருந்த துணிப் பையை எடுத்து என் கையில் திணித்தாள்.

"படத்தை மூடி வை. மார்க்கெட்டுக்குப் போயி, நல்லா வரிவரியா, எங்க ஊட்டுக் காயாப் பாத்து ஒண்ணு தூக்கிக்கினு வா."