என்ஜினுக்கு முன்னால் ஒரு வேண்டுதல்

எங்கள் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் பவர் ஹவுஸில் அவருக்கு வேலை. என்ஜின் சத்தத்தில் கத்திக் கத்தியே பழகியவர், சாப்பிடும்போது உப்புக் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

வெளியிலிருந்து வரும் மின்சாரம் பற்றாதபோதுதான் அந்த என்ஜின்களை ஓட்டுவார்கள். நான் நாலாவது படித்த வருஷம் எங்கே பார்த்தாலும் மின்வெட்டு. அப்பாவுக்கு ஓய்வே இல்லை. வீட்டிலோ தம்பிப் பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நோட்டு அட்டையால் விசிறி விசிறி என் கை ஓய்ந்துபோகும்.

ஆயுத பூஜைக்கு மட்டும் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். நிறுத்திவைத்த என்ஜின் ஒன்று எங்கள் வீட்டைவிடப் பெரிதாக, மாலையும் சந்தனமுமாக நின்றது. எண்ணெய் தார் மாதிரி கெட்டியாக இருக்கும், சூடாக்கினால்தான் ஓடும், உள்ளே போய் எரிந்து பிஸ்டனைத் தள்ளும், அந்த வேகத்தில் ஜெனரேட்டர் சுற்றிக் கரண்ட் வரும் என்று அப்பா, பெற்ற பிள்ளையின் சமர்த்தைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பொரிப் பொட்டலத்தின் மேல்தான் கண்.

சூடம் காட்டி முடித்ததும் போர்மேன் என்னிடம் குனிந்து, சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டார். அந்த இடத்தில் கத்தித்தான் பேச வேண்டும்போல என்று நானும் கத்தினேன்.

"இனிமே கரண்டே போகக்கூடாதுன்னு கேட்டேன்."

பூசணிக்காய் உடைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா எனக்குப் பதிலாகத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா மட்டும் சிரித்தார். "நல்லதத்தானே கேட்டுருக்கு புள்ள, விடுங்க" என்று சொல்லி, என் கை நிறையப் பொரியை அள்ளி வைத்தார். அந்த மனுஷன் மேல் எனக்கு எத்தனையோ கோபம் வந்து போயிருக்கிறது. அந்தப் பொரியை நினைத்தால் ஒன்றும் நிற்பதில்லை.

இரண்டு வருஷத்தில் மின்வெட்டு ஒழிந்தது. ஊருக்கே சந்தோஷம். இனி எண்ணெய் வாங்கி எரிப்பது கட்டுப்படியாகாது என்று ஆலையில் என்ஜின்களை நிறுத்திவிட்டார்கள். நிறையப் பேர் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊரான லப்பைக்குடிக்காட்டுச் சிநேகிதர் ஒருவர் மூலம் அப்பாவுக்குக் கத்தாரில் வேலை அமைந்தது.

அவர் கிளம்பிய அன்று பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சாமி நான் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டது பார்த்தீர்களா என்று பெருமையடித்தேன்.

"ஆமா தங்கம், ஒன் வேண்டுதல் பலிச்சிருச்சு" என்றார்.

அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிறதுபோல என்று நினைத்துக்கொண்டு, அப்பாவுக்கு வேர்க்கிறதே என்று நான் ஃபேனை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.