டிஸ்க்குக்குள் ஒரு கவுளி

திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு மாடி. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுவாக்கில் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பியதை நம் ஊர்ப் பெண்கள் அங்கே காதில் மாட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷைனி மட்டும் எதையும் அடிக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து டிஸ்க்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் உத்தியோகம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கா சம்பளம் என்று கேட்டவர்களிடம், "மாப்பிள்ளை பாக்குறதுக்கு இது லேசு" என்பாள். சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள். மற்ற நாட்களில் யாரையாவது வம்புக்கு இழுப்பாள்.

அத்தனை பெண்களின் கோப்புகளும் ஒரே பெட்டியில் அடுக்கிய டிஸ்க்குகளில் இருந்தன. அந்தப் பெட்டி இரண்டு சர்வர்களுக்குப் பொது. ஒன்று படுத்துவிட்டால் மற்றது எடுத்து நடத்தும்.

"ஒரு அடுப்படி, ரெண்டு மருமக" என்று ஷைனி விளக்குவாள். "ஒருத்திக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தி கரண்டியைப் பிடிக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணா உப்புப் போட்டா குழம்பு போச்சு. நான் மாமியா. கரண்டி யார் கையில இருக்குன்னு பாத்துக்கிட்டே கெடக்கணும்."

முதலாளி கண்ணுசாமி ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். தக்காளியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர், பஞ்சாங்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். வாஸ்து பார்த்துச் சர்வர்களைக் கிழக்கே திருப்பி வைத்தார். டேட்டாவுக்குத் திசை தெரியுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. சம்பளம் கொடுப்பவரிடம் நம் நாட்டில் கேள்வி கேட்பதில்லை.

அந்த ஆடி மாதத்தில் கோப்புகள் காணாமல் போக ஆரம்பித்தன. செம்பட்டியிலிருந்து வரும் சிவனம்மாள் காலையெல்லாம் அடித்துச் சேமித்தது, மதியம் பார்த்தால் பாதிதான் இருக்கும். அவள் கணவனை இழந்து வேலைக்கு வந்தவள். கண்ணுசாமிக்கு அது போதுமானதாக இருந்தது.

"அந்தம்மா கை ராசியில்லீங்க. ஆடி முடியட்டும், நிறுத்திப்போடலாம்" என்றார்.

பக்கத்து நாற்காலித் தமிழ்மதியின் கோப்புகளும் அதேபோலத்தான் போயின. அவளுக்குக் கணவன் உயிரோடு இருந்ததால் அது நெட்வொர்க் கோளாறு. ஒருவன் மார்வலியில் செத்ததற்கும் ஒரு கோப்பு பாதியில் நிற்பதற்கும் முடிச்சுப் போடுகிற மூளையைப் படிப்பு திருத்தும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். கண்ணுசாமி பி.காம்.

ஷைனிக்குக் காரணம் தெரிந்திருந்தது. அந்த இருவரின் கோப்புகளும் இருந்த டிஸ்க் எழுதும்போது திக்கியது. திக்குகிற நேரத்தில் சேமித்தவை அரைகுறையாய் நின்றன. திரையில் சிவப்பு காட்டியது. பெட்டியும் விட்டு விட்டு "ச்சிக்... ச்சிக்" என்று கத்தியது.

அந்தச் சத்தம் கேட்டதும் அடுத்த அறையில் கண்ணுசாமி மேசையை மூன்று தரம் தட்டினார். "கவுளி சொல்லுதுங்க." பல்லிக்கு அவர் ஊரில் அதுதான் பெயர். காலண்டரைத் திருப்பித் திசைக்குப் பலன் பார்த்தார். உறவினர் வருகை என்று போட்டிருந்தது.

"சார், அது பல்லியில்ல. டிஸ்க் போகப்போகுது. உங்க பீரோவுல புதுசு இருக்கே, எடுத்துக் குடுங்க, மாத்திருவோம்" என்றாள் ஷைனி.

"ஆடியில புதுசு எதுவும் தொடங்கக் கூடாதுங்க அம்மிணி."

"அதுக்கு ஆடி, ஆவணி தெரியாது சார்."

"உங்க வேதத்துல இல்லாம இருக்கலாமுங்க" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் சிவனம்மாள் சோற்றுக்குக் கொண்டுவந்த வெஞ்சனத்தைத் தொடவேயில்லை. "என்னைய நிப்பாட்டப் போறாகளாம்ல, தாயி?"

"கவுளி கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்றாள் ஷைனி.

ஷைனியின் திரையில் ஒரு பொத்தான் உண்டு. நிறையப் பெட்டிகள் இருக்கும் இடத்தில் எது எந்தப் பெட்டி என்று கண்டுபிடிப்பதற்காக வைத்தது. அழுத்தினால் பெட்டி கத்தும், அதே "ச்சிக்"தான். மறுநாள் கண்ணுசாமி கண்ணாடி அறைக்குள் வந்ததும் அவள் வலது கையை மவுஸிலேயே வைத்துக்கொண்டாள்.

"சிவனம்மாளை நிறுத்துறதா இருக்கறீங்களா சார்?"

"ஆமாங்க." பெட்டி மௌனமாக இருந்தது.

"இல்ல, இருக்கட்டும்னா?"

ச்சிக்.

கண்ணுசாமி சுவரைப் பார்த்தார். விரலால் கதவைத் தட்டினார்.

"புது டிஸ்க்கை இன்னைக்கே மாட்டலாம்னா?"

ச்சிக், ச்சிக்.

பீரோச் சாவி அவர் இடுப்பிலிருந்து தானாக வெளியே வந்தது. ஷைனி பழைய டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருகினாள். பெட்டி தன்னிடமிருந்த மறுபிரதியை அதில் எழுதி முடித்தது. அதன்பின் ஒரு கோப்பும் போகவில்லை.

மூடநம்பிக்கையை மூடநம்பிக்கையால் அடிப்பது சின்னத் தீயை மண்ணெண்ணெய் ஊற்றி அணைப்பது மாதிரி. அது இங்கேயும் பற்றியது. டிஸ்க் சரியானதால் சத்தம் நின்றது. ஒரு வாரம் காத்திருந்த கண்ணுசாமி மறுபடி ஷைனியின் அறைக்கு வந்தார்.

"கவுளி போயிருச்சுங்க. வீட்டுக் கவுளி வெளியேறினா ஆகாது. அந்தம்மா இருக்குற எடத்துல அதும் தங்கலை, பாருங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிருங்க."

ஷைனி எழுந்தாள். "இப்படி உக்காருங்க சார்" என்று தன் நாற்காலியை நகர்த்தினாள். அவர் உட்கார்ந்தார். "இதை அமுக்குங்க."

அமுக்கினார். ச்சிக்.

மறுபடி அமுக்கினார். ச்சிக். கண்ணாடிக்கு வெளியே பெண்கள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கண்ணுசாமியின் காது சிவந்தது. ஷைனியின் சீட்டைக் கிழித்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அப்ப, உறவினர் வருகைன்னு சொன்னது?"

"டிஸ்க்குதான் சார்."

"என்ற மச்சினன் வந்தானேங்க?"

"அவர் மாசாமாசம் வாராரே சார். கவுளியா கூப்பிடுது?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் பொத்தானை என்ற மேசையிலயும் வைக்க முடியுங்களா? மச்சினன் இந்தக் கம்பெனியில பாகம் பிரிக்கோணும்னு அடுத்த வாரம் வாரான். அவனுக்குக் கவுளி மேல ரொம்ப நம்பிக்கைங்க."

"வைக்கலாம் சார். சிவனம்மாக்கா பேரை இனி ராசியோட சேத்துச் சொல்ல மாட்டீங்கன்னா."

"நான் எப்பங்க சொன்னேன்?"

"சார்."

"சரிங்க. சொல்லலைங்க."

மைத்துனர் வந்தார், பாகம் கேட்டார், ச்சிக் கேட்டுப் பாகம் வாங்காமலே திரும்பிப் போனார். சிவனம்மாள் அந்த அலுவலகம் மூடும்வரை அதே நாற்காலியில் வேலை பார்த்தாள். கண்ணுசாமி பகுத்தறிவாளர் ஆகிவிடவில்லை. வாஸ்துவும் ராகுகாலமும் அப்படியே இருந்தன. ஒன்றே ஒன்றுதான் மாறியது. ஒருநாள் டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து நிஜப் பல்லி ஒன்று சத்தமிட்டது. கண்ணுசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஷைனி, டிஸ்க்கு கத்துது பாருங்க" என்றார்.