ஒற்றைக்கல் சுவர்

அந்தத் தெருவின் கல்வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நீளக் கூரை. கல்குவாரித் தொழிலாளிகளுக்காக எந்தக் காலத்திலோ ஒட்டி ஒட்டிக் கட்டியவை. வீட்டுக்கு வீடு சந்து கிடையாது. ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. இந்த வீட்டு மாடிப்படி அந்தச் சுவரின் இந்தப் பக்கம் ஏறினால், அடுத்த வீட்டுப் படி அதன் மறுபக்கம் ஏறும். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாமே இடம் வலம் மாறியிருக்கும். தெருப்பக்கச் சுவரோ அப்படியொரு கனம், ஜன்னல் குழிவில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம்.

நடு வீட்டில் தையல்காரி இருந்தாள். கணவன் போனபின் பள்ளிச் சீருடை தைத்தே மகனைப் படிக்கவைத்து வெளியூர் வேலைக்கு அனுப்பியவள். நாக்கு கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். மாடிப்படிக்கு அடியில், பொதுச்சுவரை ஒட்டித்தான் அவளுடைய மிஷின்.

சுவருக்கு அந்தப் பக்கம், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். மனைவி இல்லை, ஒரே மகள் தொலைவில். தெருவே அவரைக் கார்டு சார் என்றது. மதியம் கண்ணயரும் நேரத்தில் மிஷின் ஓடினால் கைத்தடியால் சுவரைத் தட்டுவார்.

"ஆயுசு முழுக்க ரயில்ல தூங்கின மனுஷன், என் மிஷின் சத்தத்துல தூக்கம் வரலையாம்!" என்று அவள் வாசலில் நின்று சொல்லிச் சிரிப்பாள். அவர் காதில் விழும்படியாகவே.

பள்ளி திறக்கும் வாரம். துணி மலையாய்க் குவிந்திருந்தது. அன்று மதியமும் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்சாச்சா?" என்று முணுமுணுத்தாள். நின்றது. மறுபடி கேட்டது. அவள் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். சற்று நேரத்தில் தட்டல் ஓய்ந்தது. ஜெயித்துவிட்ட திருப்தியோடு ஊசியில் நூல் கோத்தாள்.

சாயங்காலம் பால்காரர் வந்து பதறினார். "அக்கா, கார்டு சார் கதவைத் திறக்க மாட்டேங்கறாரு. உள்ள முனகல் சத்தம் கேக்குது."

கதவைத் தள்ளித் திறந்து அவள்தான் முதலில் உள்ளே நுழைந்தாள். இருட்டில் விளக்கு சுவிட்சைத் தேடி அவள் கை தவறான பக்கத்துக்குப் போனது. வெளிச்சம் வந்ததும் பார்த்தாள்: படியடியில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கைத்தடி மேல்படியிலேயே இருந்தது. வெறுங்கையால் தட்டியிருக்கிறார், விரல்முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும், "தட்டினேனேம்மா" என்றார்.

"மிஷின் சத்தத்துல காதுல விழலை சார்." வார்த்தை அவளை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கல் சுவராச்சே."

வீடு திரும்பியவருக்கு மாடி ஏற முடியவில்லை. அவளே கட்டிலைக் கீழே இறக்கிப் போடவைத்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், துணி துவைத்தாள். மகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லேன்னா அப்பா கதி என்ன ஆயிருக்கும் அக்கா!"

மழையில் கூரை ஒழுகத் தொடங்கியதும் வரிசை முழுவதையும் பார்க்க ஒரு என்ஜினீயர் வந்தார். கார்டு வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"வெளிச்சுவர் ரெண்டடுக்கு, நடுவுல சில்லும் மண்ணும். இந்தப் பொதுச்சுவர் வெறும் ஒத்தைக்கல். அந்தப் பக்கம் தும்மினா இங்கேருந்து நூறு வயசுன்னு வாழ்த்தலாம். சுவருக்கும் காதுண்டுன்னு சும்மாவா சொன்னாங்க!" சிரித்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்த அவளுக்கு முகம் வெளுத்தது. கார்டு அவளைப் பார்க்கவே இல்லை.

"சார்... அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"நீ ரேடியோவைக் கூட்டினது எனக்கும் கேட்டுச்சேம்மா."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சுமா இத்தனை நாளா என் கையால சாப்பிட்டீங்க?"

"மொதல்ல கோவத்துல சாப்பிட்டேன். அப்புறம் பசியில சாப்பிட்டேன். நீயா சொல்லுவேன்னு காத்துட்டிருந்தேன்."

"இப்பவும் கோவமா?"

"முழுசாப் போகலை. எதுக்கெடுத்தாலும் தட்டித் தட்டி உன்னைப் பழக்கினது நான்தானேன்னும் தோணும். அதுக்காக நீ செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன்." கேரியரைக் காட்டி, "திற. ஆறிப்போகுது" என்றார்.

"உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிடறேன்."

"வேண்டாம்மா. அவ என்னை மாதிரி இல்ல. அவங்க அம்மா மாதிரி, லேசுல மறக்க மாட்டா."

சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. அடுத்தமுறை மகள் வந்தபோது வாசலிலேயே கையைப் பற்றி நிறுத்திச் சொன்னாள். மகள் முழுக்கக் கேட்டாள். பற்றியிருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குள் போனாள்.

அதன்பின் வரும்போதெல்லாம் மகள், தையல்காரியின் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோவாள். ஊருக்குக் கிளம்பும் முன் மட்டும், கேரியரைக் கழுவித் துடைத்து தையல்காரியின் வாசற்படியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள்.