குழிக்காரர் கழுவிய தூள்

குழிக்காரர் என்றதும் சுடுகாட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஊக்கமருந்துச் சோதனைக்கூடத்தின் பின்னறையில் பத்தொன்பது வருடமாகத் தூள் செய்கிறவர். பட்டப்பெயர் பெண்டாட்டி வைத்தது. எப்படியோ ஆபீசுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

தடைசெய்த மருந்தைப் பசை போன்ற ஒரு திரவத்தில் கலந்து இறுகவிடுவார். இடித்துத் தூளாக்கி, மருந்து போகும்வரை ஸ்பிரிட்டில் அலசுவார். மருந்து இருந்த இடத்தில், அதே வடிவில், கண்ணுக்குத் தெரியாத குழிகள் மிஞ்சும். தூளைச் சின்னக் குழாயில் அடைத்து வீரர்களின் சிறுநீரை விட்டால், அந்த மருந்து மட்டும் தன் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிரித்தெடுத்து மெஷினில் வைத்தால் திரையில் கோடு எழும்பும்.

பன்னிரண்டு அலசல் என்பது விதி. நம்ம ஆள் எட்டோடு கைகழுவிவிடுவார். பிறகு மருந்து மிச்சமிருக்கிறதா என்று வெறும் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். கோடு படுத்தே கிடக்கும். ஆனால் தண்ணீரை எப்போதும் தூள் அடைத்த ஒரே பழைய குழாயில்தான் விடுவார். புதுசை எதற்கு வீணாக்குவது?

அன்று காலை ஒரு சிறுநீர் மாதிரியில் கோடு எழும்பியது. புட்டியில் பெயர் கிடையாது. எண், பெண், ஓட்டம், வயது பத்தொன்பது. நாலு மணிக்கு ரிப்போர்ட் போனால் நாலு வருடம் அவள் ஓட முடியாது.

பழைய குழாய் அன்று பார்த்து உடைந்திருந்தது. புதுசில் தண்ணீர் விட்டார். அதே இடத்தில் கோடு. கிளாஸை மாற்றினார், தண்ணீரை மாற்றினார். மறுபடியும் கோடு.

மெஷின் பார்க்கும் கண்ணாடிக்காரன் சிரித்தான். "என்னண்ணே, தண்ணியும் ஊசி போட்டுக்கிச்சா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய குழாயின் தூள் தண்ணீர் ஓடி ஓடியே சுத்தமாகியிருந்தது என்று இப்போதுதான் உறைத்தது. துரத்திவிட்டதாக நினைத்தது எதுவும் போகவில்லை. குழிக்குள் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது.

நேராகச் சோதனைக்கூடத் தலைவி மேடத்திடம் போனார்.

"அந்த ரிப்போர்ட்டை நிறுத்துங்க மேடம். மருந்து அந்தப் புள்ளைகிட்ட இல்ல. என் தூள்லதான் இருக்கு."

மேடம் நிறுத்தினார். திட்டவில்லை. எத்தனை வருடமாக எட்டு என்று மட்டும் கேட்டார். அவர் அலமாரியைத் திறந்தார்.

ஒவ்வொரு முறை செய்த தூளிலும் கொஞ்சம் அலமாரியில் எடுத்துவைப்பது வழக்கம். ஐந்து வருடத்துக்கு முந்தைய தூள் புட்டியை எடுக்கச் சொன்னார் மேடம். புதுக் குழாயில் அடைத்து, தண்ணீர் விட்டார்கள். கோடு படுத்தே கிடந்தது. கண்ணாடிக்காரன் மூச்சு விட்டான். அப்புறம் கோடு மெல்லத் தலையைத் தூக்கியது.

"இந்தத் தூளை வச்சு ரிப்போர்ட் போய், யார் யாருக்குத் தடை வந்திருக்கு?" மேடம் கேட்டார்.

கண்ணாடிக்காரன் பட்டியலைத் திறந்தான். பதினோரு எண்கள், பக்கத்தில் வயது.

"நீங்களே படிங்க" என்றார் மேடம்.

குழிக்காரர் படிக்க ஆரம்பித்தார்.