நகம் பதியாத பசை

அன்று ராஜபாளையத்தில் எங்கள் லேத்துப் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மச்சான், சாக்கில் சுற்றிய படகு எஞ்சினோடு வந்த அந்த ஆள். கன்னம் ஒட்டிய முகம். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார்.

எஞ்சின் இன்னும் வேகமாக ஓட, உள்ளே பெட்ரோல் போகும் வழியில் எபாக்சி பசை பூசி, அரத்தால் ராவித் தர வேண்டுமாம்.

"கடக்கரையில லேத்து இல்லையா அண்ணாச்சி?" என்றேன்.

"இருக்கு. கேள்வி கேக்க ஆளும் இருக்கு."

கடத்தல்காரரோ என்று எனக்குச் சந்தேகம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். போலீஸ் வந்தால் பேசத் தெரியாது. ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிட, ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை நீட்டினேன்.

"அது சூட்டுல இளகிரும். நடுக்கடல்ல நின்னா நீரா வந்து தள்ளுவீரு?"

தான் கொண்டுவந்த பசையை அவரே குழைத்துத் தர, நான் பூசினேன். மிச்சத்தை ஓர் அட்டையில் தடவி, இரண்டு நாளும் அதில் நகத்தை அழுத்திப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஊரு பேரக் கேளும் மச்சான்" என்று மச்சான் காதைக் கடித்தான். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நகம் பதியவில்லை. ராவிக் கொடுத்தோம்.

"பாதி இப்பம். பசை நின்னுச்சின்னா மிச்சத்தத் தாரேன்" என்று கிளம்பினார்.

அட்டையில் எண்ணெய் கிடையாது, எஞ்சினில் உண்டு; எண்ணெய்ப் பிசுக்கில் பசை ஒட்டாது. பூசுமுன் தின்னரால் இரண்டு தடவை துடைக்கச் சொல்லியிருந்தார். பதற்றத்தில் நான் ஒரு தடவைதான் துடைத்தேன். அது அவருக்குத் தெரியாது.

அவர் ஏமாற்றுக்காரராகவே இருந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மிச்ச நாற்பது ரூபாய் இன்னும் வரவில்லை.