என் அக்காவை அக்கா என்று கூப்பிட்டவள்

அவளைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். எனக்கு அது சுலபமில்லை. ஒரு மாதம் அவளைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். அவள் செருப்பைக் கழற்றி விடும் விதம்கூட எனக்குப் பிடிக்காது. வந்த வீட்டில் வாசலோடு போட்டுவிட்டு வர வேண்டியதுதானே? சொந்த வீடு மாதிரி சுவரோரமாகத் தள்ளி, என் செருப்பையும் சேர்த்து நேராக்கி வைத்துவிட்டு வருவாள்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்கு. பதினாறு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசிப் பேசி, நேரில் பேசும்போதும் எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. "மாத்திரை போட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்பாள். எதிரில் இருப்பவருக்குக் காது கேட்கும் என்ற நம்பிக்கையே கிடையாது. நான் அவளுக்கு வைத்த பெயர் டிக்கெட். "உன் டிக்கெட் வந்தாச்சு" என்று அக்காவிடம் சொல்வேன். அக்கா சிரிக்க மாட்டாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபத்திரண்டு வருடம், கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கில் ஒரு காலை வைத்தபடியே வாழ்ந்தவள். யாரையும் பாராட்டும் வழக்கமில்லை. நன்றாக ஓட்டினால், "பரவாயில்ல, யாரும் சாகல" என்பாள். அதுதான் அவள் கொடுக்கும் பட்டம். போன வருடம் அவளுடைய இடது மார்பில் கட்டி என்று சொல்லி மார்பையே எடுத்தார்கள். ஊசி, மருந்து எல்லாம் முடிந்து தலையில் முடி முளைத்த பிறகு, அடிவயிற்றிலிருந்து தோலும் கொழுப்பும் எடுத்து அந்த இடத்தில் புது மார்பு வைக்கலாம் என்றார் டாக்டர்.

"இன்னொரு ஆபரேஷன் வேணுமாக்கா?" என்று கேட்டேன்.

"சீட் பெல்ட் போட்டா அந்தப் பக்கம் நிக்காம வழுக்குது. ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வருது. எனக்கு வேணும்டி" என்றாள்.

மருந்துக்கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். ஆறு வாரம் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. எனக்கும் அப்படித்தான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் டிக்கெட் வார்டுக்குள் வந்தாள். இதே சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் புதிதாகச் செய்துகொள்பவர்களுக்குத் துணையாக இருக்கும் குழு ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் உண்டு. அதிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, எனக்கு மூணு வருஷம் முன்னாடி இதே வார்டுலதான் பண்ணாங்க. அந்தக் கடைசி பெட்" என்றாள்.

அக்கா. வந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் அக்கா! எனக்குச் சுரீர் என்றது. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். நாற்பத்தொரு வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது.

அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரையை இழுத்தாள். அவள் தன்னுடையதைக் காட்டினாள், அக்கா தன்னுடையதைக் காட்டினாள். திரைக்கு இந்தப் பக்கம் நான் பழச்சாறு டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக அக்கா சிரித்து நான் கேட்டதில்லை. "ஐயோ, சிரிக்க வைக்காதம்மா, தையல் இழுக்குது" என்றாள். அவளை அம்மா போட்டுக் கூப்பிடுகிறாள்.

வீட்டுக்கு வந்த டாக்ஸியில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் வயிற்றுத் தையல் இழுத்து, "ஸ்ஸ்" என்றாள். டிரைவர் பாவம், தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் சைக்கிள் வேகத்தில் ஓட்டினார்.

வீட்டில் எல்லாம் நான்தான். இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தையல், அதனால் கூனிக்கொண்டுதான் நடப்பாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை, முதுகுக்கு மூன்று. காயத்தில் ஊறும் நீர் குழாய் வழியாக வந்து சேர்வதற்கு ரப்பர் குமிழிகள் தொங்கவிட்டிருந்தார்கள். காலையும் மாலையும் அவற்றைக் காலி செய்து அளந்து எழுதினேன். நைட்டியில் ஊக்குப் போட்டுக் குமிழிகளை மாட்டியிருந்தேன், எனக்கு அதில் பெருமை வேறு. டிக்கெட் வந்தாள், ஊக்குகளைப் பார்த்தாள், தன் கழுத்தில் இருந்த அடையாள அட்டைக் கயிற்றைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டு அதில் குமிழிகளை மாட்டினாள். "குளிக்கும்போதும் இப்படியே இருக்கலாம் அக்கா." அக்கா அவளை ஏதோ பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவளைப் போலப் பார்த்தாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். வயிற்றுக் காயத்தை அக்கா எனக்குக் காட்டினாள். மார்பைக் காட்டவில்லை. நான் பக்கத்தில் போனால் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொள்வாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தானே துடைத்துக்கொள்வாள். டிக்கெட் வந்தால் அதே கதவுக்குள் இரண்டு பேரும் அரை மணி நேரம் இருப்பார்கள். எனக்கு முதல் பிரா வாங்கித் தந்தவள் என் அக்கா. கடையின் துணி மாற்றும் அறைக்குள் என்னோடு நுழைந்து, மூன்று அளவு போட்டுப் பார்க்க வைத்து, "கூச்சப்படாதடி, நான்தானே" என்றவள். அந்த "நான்தானே" ஒருவழிப் பாதை என்று எனக்கு அப்போது தெரியாது.

பதின்மூன்றாம் நாள் மதியம் அக்கா குளியலறையில் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினாள். தினமும் அனுப்புவது வழக்கம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மூன்றரை மணிக்கு அக்காவின் போன் அடித்தது. எடுத்தேன்.

"அக்கா தூங்கறாங்களா? எழுப்பிச் சொல்லுங்க. போட்டோல கீழ் ஓரம் சிவந்திருக்கு. நேத்து அப்படி இல்ல. இன்னிக்கே வார்டுக்குப் போன் பண்ணணும், இன்னிக்கே. எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. ரெண்டு நாள் பாக்கலாம்னு விட்டேன், முழுசா எடுத்துட்டாங்க. அப்புறம் முதுகுலருந்து எடுத்துத்தான் மறுபடி வச்சாங்க. கேக்குதா? கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பத்தடி தூரத்தில் என் அக்கா படுத்திருக்கிறாள். அவள் உடம்பு சிவந்திருக்கிறது என்று எங்கோ கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளாமல் சிவந்திருக்கும், மருந்துக்கடையில் இதுபோல எத்தனை பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்காத காயத்துக்கு வைத்தியம் சொன்னேன். அழைப்பு வந்ததாகக் காட்டிய அந்த ஒரு வரியை விரலால் தள்ளி அழித்தேன். அவளைத் திட்டுவதற்கு அக்காவுக்கு ஒரே ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக.

அக்கா எழுந்ததும், "அவ கூப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"அப்போ சரியாத்தான் இருக்கும். தப்பா இருந்தா அவ விடமாட்டா."

நிம்மதியாக சூப் குடித்தாள். இரண்டாவது கிண்ணமும் கேட்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அந்த "விடமாட்டா"வைக் கேட்டதும் வந்தது திரும்பிப் போய்விட்டது.

காலை ஆறு மணிக்கு அக்காவுக்குப் பல் கிட்டும் அளவு குளிர் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் பேச்சு குழறியது. காயத்தைப் பிரித்துச் சீழ் எடுத்து, புது மார்பின் கீழ்ப்பகுதியில் மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். "மீதி பிழைச்சுக்கும்" என்றார் டாக்டர். "நேத்தே வந்திருந்தா மாத்திரையிலயே முடிஞ்சிருக்கும்." அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் வேலையிலிருந்து நேராக, சீருடையோடு வந்தாள். அக்கா கண்ணைத் திறந்து கேட்டாள். "நான் அனுப்பின போட்டோவப் பாத்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

"பாத்தேன் அக்கா. சாதாரணமா இருக்குன்னு நினைச்சுட்டேன். தப்பு என்மேலதான்."

முதல் தடவையாக எதையும் இரண்டாவது முறை சொல்லாமல் நிறுத்தினாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வராந்தாவில் அவள் பின்னாலேயே ஓடினேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவங்களால இன்னும் ஆறு வாரம் கையைத் தூக்க முடியாது. நான் இல்லாம அவங்க வீட்டுக்குப் போகலாம். நீங்க இல்லாமப் போக முடியாது" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. "என்னால இதுக்கு மேல உங்ககிட்டப் பேச முடியாது. போங்க."

நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. அக்கா அவள் போனை எடுப்பதில்லை. வாசலில் என் செருப்பு மட்டும் கோணலாகக் கிடந்தது. சமையலறையிலிருந்து படுக்கையறை வரை நானும் அக்காவும்தான். அக்கா பேசவில்லை. நடக்கச் சொன்னால் நடக்கவில்லை. சுவரில் விரலை ஏற்றிக் கையைத் தூக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டாள். நர்ஸ் வந்து கட்டு மாற்றும்போது சாத்தும் கதவை இப்போது எல்லா நேரமும் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் சாயங்காலம், துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவளே கதவைத் திறந்து வந்து உட்கார்ந்தாள்.

"மீதியையும் எடுத்துடச் சொல்லப்போறேன். செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்டப் பேசறேன்."

"என்னக்கா சொல்ற? பிழைச்சுக்கும்னு சொன்னாரே!"

"இதை வச்சுக்கிட்டு தினம் பயந்து பயந்து பாக்க என்னால முடியாதுடி. இது நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்ல ஒருத்தி இருந்தா. அவளுக்கே தெரியலேன்னா நான் யாரை நம்பறது?"

துண்டு என் கையிலேயே இருந்தது. இதைச் சொன்னால் அக்கா என்னை வெளியே போகச் சொல்லலாம். சொல்லாவிட்டால் அவள் வேண்டும் என்று கேட்டு வாங்கியதை, என்னால், எடுத்துவிடுவார்கள்.

"அவளுக்குத் தெரிஞ்சுதுக்கா" என்றேன். "அன்னிக்கே போன் பண்ணினா. மூணரை மணிக்கு. இன்னிக்கே வார்டுக்குச் சொல்லணும்னு ரெண்டு தடவை சொன்னா. நான்தான் உன்கிட்டச் சொல்லல. போன் வந்ததையும் அழிச்சுட்டேன்."

அக்கா கேட்டாள். "எதுக்கு?"

"உன்னை அவ அக்கான்னு கூப்பிடறா" என்றேன். நாற்பத்தொரு வயதில் என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது. "கதவைச் சாத்திக்கிட்டு அவளுக்கு மட்டும் காட்டற. குழாய் கழுவ நான், பார்க்க அவளா?"

அறைவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கை தூக்க வராது என்பதுகூட மறந்துபோயிற்று. அக்கா சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கட்டின் ஓரத்தைப் பிரித்து விலக்கினாள்.

"பாருடி. இதுக்குத்தானே? நல்லாப் பாரு."

பார்த்தேன். வயிற்றுத் தோல் மார்பில் ஒட்டியிருந்தது, நிறம் கொஞ்சம் மாறி. சுற்றிலும் தையல். கீழே ஒரு கை வைத்து அள்ளினாற்போலப் பள்ளம். நான் செய்த பள்ளம். எனக்குக் கன்னம் இழுத்துக்கொண்டு, வாய் கோணிக்கொண்டு, அழுகை வந்தது. நிமிர்ந்தபோது அக்கா தன் மார்பைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூஞ்சிக்குப் பயந்துதான் உனக்குக் காட்டல" என்றாள். "அவ பார்த்துட்டு, நல்லா இருக்கு, நாளைக்கு அனுப்புங்கன்னுட்டுப் போயிடுவா. நீ பார்த்தா நான் உனக்குல்ல ஆறுதல் சொல்லணும்? எனக்குத் தெம்பு இல்லடி."

அழாமல் இருக்க முயன்றேன். வரவில்லை. அக்கா பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "போனை எடு. நீயே அவகிட்டப் பேசு."

முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ரயில் அறிவிப்புச் சத்தம்.

"அக்காகிட்டச் சொல்லிட்டேன்" என்றேன். "எல்லாத்தையும்."

அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று அந்த நிமிடம் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? திட்டியிருந்தால் இரண்டு பேரும் சமமாகியிருப்போம்.

"உங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். "சொல்லியிருந்தாலும் போகாதீங்க. நான் வந்து பேசறேன். நான் வந்து பேசறேன்."