மரவள்ளித் தோல் போட்ட போத்தல்

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து மலாயாவில் எங்கள் பெடாஸ் ரப்பர் தோட்டத்தில் மண்ணெண்ணெய் கிடையாது.

குப்பையை ஊறவைத்தால் எரியும் வாயு வரும் என்றார்கள். எந்தக் குப்பையில் அதிகம் வரும் என்று சோதிக்க, நாலு நாள் முன்பு இரண்டு போத்தல் எடுத்தேன். ஒன்றில் மாட்டுச் சாணி, மற்றதில் மரவள்ளிக்கிழங்குத் தோல். ரப்பர் பாலில் பலூன் செய்து இரண்டின் வாயிலும் மாட்டி, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் வைத்தேன்.

இன்று போய்ப் பார்த்தேன். சாணிப் பலூன் லேசாக உப்பியிருந்தது.

தோல் போத்தல் காலி. பலூனை மட்டும் ஒழுங்காக மடித்து மேலே வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா மறைக்கவே இல்லை.

"நான்தான் எடுத்தேன் தம்பி. நாலு நாளு ஊறுனா கசப்பு போயிரும் லா. அலசி, வேகவெச்சி, பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்."

"அக்கா, அது குப்பை!"

"யாரு சொன்னா? உனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருக்கேன்."

சாப்பிட்டேன். உப்புதான் இல்லை.

சோதனையை மறுபடி தொடங்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் யாரும் தின்னாத குப்பை ஏதாவது மிச்சமிருந்தால் சொல்லுங்கள்.